ஸ்மார்ட் ஸ்பீக்கர் பகலில் கூப்பிட்டால் கேட்பதில்லை, நடுராத்திரியில் கேட்கிறது: என்ன கோளாறு?

தெற்குவாடி_பாம்பன்
ஜூன் 21, இரவு 10.40

வணக்கம். ரெண்டு வாரமா நானே முட்டி மோதிப் பாத்துட்டு, இனி தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டுரலாம்னு எழுதுறேன்.

எங்க அப்பத்தாவுக்கு 78 வயசு. கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு போயிருச்சு. இப்ப வெளிச்சமா இருட்டான்னுதான் தெரியும். நானும் வீட்டுக்காரியும் வேலைக்குக் கிளம்பிட்டா காலை 9 மணியிலேருந்து சாயந்தரம் 6 வரைக்கும் அது தனியாத்தான் இருக்கும். டச் போனு அதுக்கு ஆகாது. அதனால மாசி மாசம் ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கி வச்சேன். மணி கேக்க, பாட்டுக் கேக்க, எனக்குப் போன் போட.

பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும் நல்லா இருந்துச்சு. வைகாசிக் கடைசியிலேருந்து கூப்பிட்டாக் கேக்க மாட்டேங்குது. அப்பத்தா அஞ்சு தடவ கூப்பிட்டா ஒரு தடவ முழிக்குது, சில நாள் அதுவும் இல்ல. நான் கூப்பிட்டாலும் பாதிக்கு மேல சும்மாத்தான் கெடக்கு. ஆனா நேத்து நடுராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சப்ப மெதுவாத்தான் கூப்பிட்டேன், ஒடனே கேட்டுச்சு.

அணைச்சுப் போட்டாச்சு. ரீசெட் ரெண்டு தடவ பண்ணியாச்சு. கடையில கேட்டா வேற மாடல் வாங்கிக்கங்கன்றாங்க. அப்பத்தா இப்ப அதைக் கூப்பிடுறதையே விட்டுருச்சு. "அதுக்கு என் பேச்சு புடிக்கல போலப்பா"ன்னு சொல்லுது. எனக்கு அதுதான் தாங்கல.


நெட்வொர்க்_பரமக்குடி
ஜூன் 21, இரவு 11.25

முதலில் ரீசெட் செய்வதை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் எல்லா அமைப்பையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், கோளாறு எங்கே என்பது மட்டும் தெரியாது.

ஒன்றே ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். கூப்பிடும்போது ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறதா, இல்லையா?

ஏன் கேட்கிறேன் என்றால், அதை எழுப்புகிற பெயரைக் கண்டுபிடிக்கும் வேலை ஸ்பீக்கருக்குள்ளேயே நடக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காக மட்டும் ஒரு சின்ன நிரல் எந்நேரமும் காத்துக்கொண்டிருக்கும். அதற்கு இன்டர்நெட் வேண்டாம். அந்தச் சொல் காதில் விழுந்து விளக்கு எரிந்த பிறகு நாம் பேசுவதுதான் நெட் வழியாகத் தொலைவில் இருக்கும் சர்வருக்குப் போய், பதில் திரும்பி வருகிறது. விளக்கு எரிந்தும் பதில் இல்லையென்றால் வைஃபை, ரவுட்டர் பக்கம் தேடலாம். விளக்கே எரியவில்லையென்றால் ரவுட்டரை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது.

உங்கள் மாடலில் மேலே ஒரு பட்டன் இருந்தால், பெயர் சொல்லாமல் அதை அழுத்திவிட்டு நேரம் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.


கீழக்கரை_லாத்தா
ஜூன் 22, காலை 7.05

தம்பி, எங்க வீட்டுல இப்படித்தான் ஒரு நாள் முழுக்கக் கெடந்துச்சு. பாத்தா பிள்ளைங்க மைக் பட்டனை அமுக்கி வச்சிருக்காங்க. செவப்பு லைட்டு எரியுதான்னு பாருங்க. எரிஞ்சா மைக்கு அணைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

இன்னொண்ணு மொழி. எங்க காக்கா, அதான் அண்ணன், துபாயிலேருந்து கொண்டாந்தது எங்க ஸ்பீக்கர். அமெரிக்க இங்கிலீஷ்ல இருந்துச்சு. நாம பேசுற இங்கிலீஷ் அதுக்கு ஏறவே இல்ல. செயலியில போயி இந்திய இங்கிலீஷ்னு மாத்துனதும் எங்க உம்மா சொல்றதே பாதிக்கு மேல புரிஞ்சுக்கிடுச்சு.


தெற்குவாடி_பாம்பன்
ஜூன் 22, இரவு 8.30

பரமக்குடி சார், சொன்ன மாதிரி பாத்தேன். கூப்பிடுறப்ப லைட்டே எரியல. பட்டன அமுக்கிட்டு மணி கேட்டா ரெண்டு செகண்டுல பதில் வருது. அப்ப நெட்டு மேல குத்தம் இல்ல, சரிதானே? ஆனா பட்டன அமுக்கிப் பாட்டு கேட்டா சம்பந்தமே இல்லாத எதையோ போடுது.

லாத்தா, செவப்பு லைட்டு இல்ல. மொழி ஏற்கெனவே இந்திய இங்கிலீஷ்தான். தமிழ் அந்தப் பட்டியல்லயே இல்ல.


தேவிபட்டினம்_வடகடல்
ஜூன் 22, இரவு 9.10

ஜூன் 14-ஆம் தேதியோட 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்சு விசைப்படகெல்லாம் கடலுக்குப் போகுதே. நீங்க சொல்ற தேதியும் கிட்டத்தட்ட ஒத்துப் போகுது. இஞ்சின் சத்தமா இருக்குமோ?


தெற்குவாடி_பாம்பன்
ஜூன் 22, இரவு 9.40

நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா தடைக்காலம் முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கோளாறு ஆரம்பிச்சிருச்சு. படகு கெளம்புற விடியக்காலையில போயிக் கூப்பிட்டுப் பாத்தேன், அப்பவும் நல்லாத்தான் கேக்குது. வெயில் ஏறுனாத்தான் காது அடைச்சுப் போகுது.


சாயல்குடி_ரேடியோசெட்
ஜூன் 22, இரவு 10.55

தம்பி, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, மைக்கு தெரியும். 26 வருசமா ரேடியோ செட் போடுறேன். கோயில் பொங்கல், கந்தூரி, கட்சிக் கூட்டம், கடற்கரை மேடை எல்லாம் பாத்தாச்சு. ஒரு மைக்கு சரியில்லன்னா நாங்க மொதல்ல செய்யிறது, ஹெட்போனை மாட்டிக்கிட்டு அந்த மைக்குக்கு என்ன கேக்குதுன்னு கேக்குறதுதான். மேடையில நின்னு "ஹலோ ஹலோ"ன்னு கத்துறதுல ஒண்ணும் தெரியாது.

என் மகன் வச்சிருக்கிற ஸ்பீக்கர்ல, நாம பேசுனதை அது பதிஞ்சு வச்சிருக்கும். போன் செயலியில குரல் வரலாறுன்னு ஒரு பக்கம் இருக்கு. அதைத் தொட்டா நம்ம பேச்சே திரும்ப ஓடும். உங்க செயலியிலயும் இருக்கும், தேடிப் பாருங்க. பகல்ல ஒரு தடவ, ராத்திரி ஒரு தடவ பட்டன அமுக்கி அப்பத்தாவைப் பேசச் சொல்லுங்க. பெறகு ஹெட்போன் மாட்டிக்கிட்டு ரெண்டையும் கேளுங்க. அதுக்குக் கேட்டதை நீங்களும் கேட்டாத்தான் கோளாறு புரியும். கேட்டுட்டு வந்து இங்க எழுதுங்க, மிச்சத்தை நான் சொல்றேன்.


தெற்குவாடி_பாம்பன்
ஜூன் 23, இரவு 9.20

அண்ணே, நீங்க சொன்னதைச் செஞ்சேன். இன்னிக்கு மத்தியானம் லீவு போட்டுட்டு வந்து பதிஞ்சேன்.

பகல் பதிவுல மொதல்ல கேக்குறது ஒரு இரைச்சல். "ஹூ"ன்னு இல்ல, "பட பட பட"ன்னு, யாரோ மைக்குல வாயை வச்சு ஊதுற மாதிரி. அதுக்கு அடியில, குடத்துக்குள்ள தலையை விட்டுப் பேசுற மாதிரி அப்பத்தா குரல். என்ன சொல்லுதுன்னு எனக்கே புரியல. வீட்டுல நின்னு கேட்டப்ப அவ்வளவு தெளிவாப் பேசுச்சு.

ராத்திரிப் பதிவுல படபடப்பு இல்ல. ஆனா குரல் அப்பவும் அடைச்ச மாதிரிதான் இருக்கு. சித்திரை மாசத்துப் பதிவு ஒண்ணு அதுலயே கெடந்துச்சு. அதைப் போட்டுக் கேட்டேன். பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருக்கு.

ஸ்பீக்கர் இருக்கிற இடத்தையும் சொல்லிர்றேன். தெக்குப் பாத்த ஜன்னலை ஒட்டுன மாடக்குழியில வச்சிருக்கேன். அதுக்குக் கீழ டிவி. எதுத்தாப்புல அப்பத்தாவோட கட்டில். வைகாசியில புழுக்கம்னு ஒரு டேபிள் ஃபேன் வாங்குனோம், அது கட்டிலுக்குப் பின்னாடி நிக்கிது.


சாயல்குடி_ரேடியோசெட்
ஜூன் 23, இரவு 10.10

பாதி கெடச்சிருச்சு தம்பி. படபடப்பு காத்து. டேபிள் ஃபேன் காத்து அப்பத்தா மேல பட்டு நேரா மாடக்குழிக்குள்ள போகுது. போதாததுக்குத் தெக்கு ஜன்னல்ல, தென்மேற்கேருந்து அடிக்கிற கச்சான் காத்து வேற.

காத்து மைக்குல படுறது வெளியிலேருந்து வர்ற சத்தம் மாதிரி இல்ல. காத்து அந்த ஓட்டை வாயிலயே சுழண்டு அடிக்கும். நம்ம காதுக்கு ஃபேன் சத்தம் லேசாத்தான் கேக்கும், மைக்குக்கு அது புயலு. கடற்கரை மேடையில அதுக்குத்தான் மைக்கு தலையில ஸ்பாஞ்சுக் குல்லா மாட்டுறோம். ஸ்பாஞ்சு இல்லாத காலத்துல கைக்குட்டையைச் சுத்திக் கட்டுவோம். இப்படிப் பட்ட எடத்துல கத்திக் கூப்பிட்டாலும் பிரயோசனம் இல்ல. கத்துனா வார்த்தையோட உருவமே மாறிப் போயிரும், அதுக்கு இன்னும் புரியாது.

மாடக்குழியும் ஆகாது. மூணு பக்கமும் சுவரு, குரல் உள்ள போயி முட்டி மோதித் திரும்பி ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். சுவத்துலேருந்து ஒரு சாணாவது தள்ளி, திறந்த எடத்துல வைங்க. கட்டிலுக்குக் கிட்டத்துல வைங்க. தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் 6 டெசிபல் விழும், அதுதான் எங்க தொழில்ல மொதப் பாடம்.

டிவி பத்தி ஒரு வார்த்தை. ஸ்பீக்கர் தானே பாட்டுப் பாடுறப்ப நாம கூப்பிட்டாக் கேக்கும். என்ன பாடுறோம்னு அதுக்குத் தெரியும்ங்கிறதால அந்தச் சத்தத்தைக் கழிச்சுட்டு மிச்சத்தைக் கேட்டுக்கும். டிவியில என்ன ஓடுதுன்னு அதுக்குத் தெரியாது, கழிக்க முடியாது. அதுனால டிவியை ஒட்டி வைக்கவே கூடாது.

ராத்திரிப் பதிவுலயும் குரல் அடைச்சிருக்குன்னீங்களே, அதுக்குக் காத்து காரணம் இல்ல. மைக்கு வாயில ஏதோ அடைச்சிருக்கு.


மண்டபம்_வயர்மேன்
ஜூன் 24, காலை 6.15

அந்த அடைப்பு உப்புதான், நான் பந்தயம் கட்டுவேன்.

தெற்குவாடின்னதுமே எனக்குத் தோணுச்சு. ஆனி, ஆடியில கச்சான் அடிக்கிறப்பத் தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரிக் கெடக்கும். அலை உடைஞ்சு தெறிக்கிற தண்ணி காத்துல பொடியாப் பறக்கும். வழியிலயே தண்ணி காஞ்சு உப்பு மட்டும் வீட்டுக்குள்ள வந்து இறங்கும். உங்க ஜன்னல் கம்பியை வெரலால தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, தெரியும். பழைய பாம்பன் ரயில் பாலத்துல ரயில் ஓடுன காலத்துல, காத்து மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டுனா சிக்னல் தானாச் செவப்பாகி ரயில நிறுத்திரும்னு வச்சிருந்தாங்க. அந்தக் காத்து அடிக்கிற ஊரு இது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் துருவைப் பத்தி ஆராய மண்டபத்துல வந்து ஒரு நிலையமே வச்சிருக்குன்னா, இந்தக் காத்து எப்படிப்பட்டதுன்னு பாத்துக்கங்க. நான் கழட்டுற சுவிட்ச் போர்டுல செம்புக் கம்பியெல்லாம் பச்சைக் களிம்பு ஏறி, தொட்டா உதிரும்.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காத்துல ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டுச்சுன்னா அது காத்துலேருந்தே தண்ணியை இழுத்துக் கசியும். ராத்திரி கசிஞ்சு, பகல்ல உறைஞ்சு, திரும்பக் கசிஞ்சு, ஊசி முனை மாதிரி இருக்கிற மைக்கு ஓட்டையில தூசியோட சேந்து கட்டி புடிச்சிரும்.

செய்ய வேண்டியது இதுதான். கரண்டைப் புடுங்கிருங்க. டார்ச் அடிச்சு ஓட்டைங்களைப் பாருங்க. புது, காஞ்ச, மெத்துன்னு இருக்கிற பெயின்ட் பிரஷ் ஒண்ணு எடுத்து, ஸ்பீக்கரைக் கவுத்துப் புடிச்சு, உப்பு கீழ விழற மாதிரி மேலாப்புல தட்டி விடுங்க. ஒடம்புப் பகுதியை மட்டும் நல்ல தண்ணியில நனைச்சு இறுக்கிப் புழிஞ்ச துணியால துடைச்சு, ஒடனே காஞ்ச துணியாலயும் துடைங்க. உப்பு தண்ணிக்குத்தான் கரையும், காஞ்ச துணியால மட்டும் தேச்சா இழுவிக்கிட்டேதான் இருக்கும். ஓட்டைக்குள்ள ஈரம் போகக் கூடாது.

ஊசி, குண்டூசி, பல்குச்சி எதையும் உள்ள விடாதீங்க. வாயாலயும் ஊதாதீங்க, காத்தடிக்கிற மெஷினையும் காட்டாதீங்க. உள்ள இருக்கிறது அரிசி அளவு மைக்கு, அதோட தோலு முடியை விட மெல்லிசு. துரு நீக்குற ஸ்பிரே அடிச்சு ஒருத்தர் ஸ்பீக்கரையே கொன்னுட்டாரு, அதையும் பாத்திருக்கேன்.

அடாப்டர் முள்ளையும் பாத்துக்கங்க. கூட வந்த அடாப்டரையே போடுங்க. போன் சார்ஜரைப் போட்டு ஓட்டுனா கரண்டு பத்தாம, பாட்டு சத்தமாப் போறப்ப அணைஞ்சு அணைஞ்சு எரியும்.


நெட்வொர்க்_பரமக்குடி
ஜூன் 24, காலை 8.00

ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், 20 தடவை கூப்பிடுங்கள், எத்தனை தடவை விளக்கு எரிந்தது என்று எழுதி வையுங்கள். பிறகு அடுத்தது. அப்போதுதான் எது எவ்வளவு காரணம் என்று தெரியும்; இதே கோளாறோடு நாளைக்கு இங்கே வருகிறவர்களுக்கும் உதவும்.


தொண்டி_அண்ணன்
ஜூன் 24, காலை 11.30

வாரண்டி இருக்கும்போது சொந்தமாக நோண்டுவதை விட மதுரைக்கு எடுத்துப் போய் சர்வீஸில் கொடுப்பதுதான் நல்லது என்பது என் கருத்து.

இதைவிட முக்கியமான ஒன்று. அப்பத்தா அவசரத்துக்கு உங்களைக் கூப்பிட இந்த ஒன்றை மட்டும் நம்பியிருக்கிறீர்களா? கரண்ட் போனால் ஸ்பீக்கரும் போச்சு, ரவுட்டரும் போச்சு. பெரிய பட்டன் வைத்த போன் கிடைக்கிறது, பட்டன் மேலே புள்ளி புடைப்பாக இருக்கும், தடவிப் பார்த்தே அழுத்தலாம். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் உங்களுக்கு அழைப்பு வரும்படி வைத்து, கழுத்தில் கயிறு கட்டி மாட்டி விடுங்கள். என் அம்மா வீட்டில் விழுந்தபோது அதுதான் உதவியது. தயவுசெய்து இதைத் தள்ளிப் போடாதீர்கள்.


தெற்குவாடி_பாம்பன்
ஜூன் 27, இரவு 10.00

தொண்டி அண்ணே, வியாழக்கிழமையே வாங்கிட்டேன். ரொம்ப நன்றி. அப்பத்தா அதைத் தாலிக்கயிறு மாதிரி கழுத்துலயே வச்சிருக்கு. ரவுட்டருக்கும் சின்ன பேட்டரி ஒண்ணு போட்டாச்சு. சர்வீஸுக்குக் கேட்டேன், உப்பு அரிப்புக்கு வாரண்டி கெடையாதுன்னு போன்லயே சொல்லிட்டாங்க. அதனால நானே செஞ்சேன்.

இப்ப கணக்கு. எல்லாம் பகல் 1 மணிக்கு மேல, நான் கட்டில்ல உக்காந்து கூப்பிட்டது.

ஒண்ணும் மாத்தாம, ஃபேன் ஓடுறப்ப: 20-க்கு 4.
ஃபேனை அணைச்சுட்டு: 20-க்கு 9.
உப்பைத் தட்டிட்டு, அதே எடத்துல, ஃபேன் இல்லாம: 20-க்கு 15.
மாடக்குழியிலேருந்து எடுத்துக் கட்டிலுக்குத் தலைமாட்டுல ஸ்டூல் மேல வச்சு, ஃபேனை ஓட விட்டு: 20-க்கு 18.

கடைசியில சொன்னதுக்குக் காரணம், ஃபேன் இப்ப அப்பத்தா காலுப்பக்கம் வீசுது, ஸ்பீக்கர் தலைமாட்டுல ஃபேனுக்குப் பின்னாடி இருக்கு. புழுக்கத்துல ஃபேனை அணைக்கச் சொல்ல முடியாதுல்ல.

வயர்மேன் அண்ணே, நீங்க சொன்னது அப்படியே இருந்துச்சு. மேல நாலு ஓட்டை. வெறும் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சுப் பாத்தா, ஜன்னல் பக்கம் இருந்த ரெண்டு ஓட்டையில மட்டும் வெள்ளையா, சீனி ஒட்டுன மாதிரி ஒரு வளையம், நடுவுல முடி அளவு சந்து. மத்த ரெண்டும் சுத்தமா இருந்துச்சு. பிரஷ்ஷால அஞ்சு நிமிசம் தட்டுனேன். கறுப்புத் துணி விரிச்சிருந்தேன், அதுல விழுந்தது ஒரு சிட்டிகை கூட இல்ல. இந்தத் துளி உப்புக்கா மூணு வாரம் அப்பத்தா பேசாம இருந்துச்சுன்னு நெனச்சுட்டு அந்தத் துணியை அப்படியே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஆனா வேலை முடியல. இது எல்லாம் நான் கூப்பிட்ட கணக்கு. அப்பத்தா கூப்பிட்டா இன்னும் 20-க்கு 7தான்.


கீழக்கரை_லாத்தா
ஜூன் 27, இரவு 10.35

அல்ஹம்துலில்லாஹ், பாதிக் கிணறு தாண்டியாச்சு. எங்க உம்மாவுக்கும் இந்தப் பிரச்சினை வந்துச்சு. பல்லு கட்டாம இருந்தாங்க. ஸ்பீக்கரை எழுப்புற பேருல நடுவுல ஒரு சீறுற ஓசை வருதுல்ல, பல்லு இல்லாம அது வராது, காத்தாப் போயிரும். அப்பத்தாவுக்குப் பல்லு எப்படி?


தெற்குவாடி_பாம்பன்
ஜூன் 27, இரவு 10.50

மேல்பல்லு ஒண்ணு கூட இல்ல லாத்தா. செட்டுப் பல்லு இருக்கு, சாப்பிடுறப்பக் கூடப் போட மாட்டேங்குது.

இன்னொண்ணும் கவனிச்சேன். அப்பத்தா வெறும் பேரைச் சொல்லாது. "ஏத்தா"ன்னு சேத்துத்தான் கூப்பிடும். "ஏத்தா" ஒட்டிக்கிட்டே பேரு வருது. அப்படிக் கூப்பிடாதன்னு சொல்ல எனக்கு மனசில்ல. யாரையுமே அது மொட்டையாப் பேரு சொல்லிக் கூப்பிட்டது கெடையாது.


சாயல்குடி_ரேடியோசெட்
ஜூன் 27, இரவு 11.20

சொல்ல வேண்டாம் தம்பி. அப்பத்தா அப்படியே கூப்பிடட்டும். மாத்த வேண்டியது ஸ்பீக்கரோட பேரைத்தான். செயலியில எழுப்புற பேருன்னு நாலஞ்சு குடுத்திருப்பாங்க. பல்லு இல்லாத வாயிலயும் உதடு ஒட்டி, நாக்கு இடிச்சு வர்ற எழுத்துங்க நல்லா விழும், ப, ம, க, ட மாதிரி. ரொம்பக் குட்டிப் பேரும் வேண்டாம், வேற பேச்சுக்கெல்லாம் முழிச்சுக்கும்.


தெற்குவாடி_பாம்பன்
ஜூன் 28, மாலை 5.45

அண்ணே, பட்டியலைப் பாத்தேன். அதுல "கம்ப்யூட்டர்" இருக்கு! ரேசன் கடைக்குப் போறப்பெல்லாம் "கம்ப்யூட்டரு வேலை செய்யல"ன்னு கேட்டுக் கேட்டு அப்பத்தா வாயில நல்லாப் பழகுன வார்த்தை. "ஏத்தா கம்பூட்டரு"ன்னு கூப்பிடுது. "யூ" சரியா வரல, ஆனாலும் ஏத்துக்குது.

20-க்கு 17. நானே ரெண்டு தடவ எண்ணுனேன்.


தேவிபட்டினம்_வடகடல்
ஜூன் 28, இரவு 7.10

படிக்கவே சந்தோசமா இருக்கு. ஆனா தமிழ் இல்லாத ஸ்பீக்கர்ல அப்பத்தா எப்படிப் பாட்டுக் கேக்குறாங்க? எங்க ஐயாவுக்கும் வாங்கலாம்னு இருக்கேன், அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது.


தெற்குவாடி_பாம்பன்
ஜூலை 12, இரவு 9.30

பதில் எழுத நாளாயிருச்சு. இதுக்குத்தான் ரெண்டு வாரம் ஆச்சு, பரமக்குடி சார்தான் தனியா உக்காந்து சொல்லிக் குடுத்தாரு.

அந்தக் குரல் வரலாற்றுப் பக்கத்துல, அப்பத்தா சொன்னதை ஸ்பீக்கர் எப்படி எழுத்தாப் புரிஞ்சுக்கிச்சுன்னும் காட்டுது. "பாட்டு போடு"ன்னு அப்பத்தா சொன்னதை அது ஒரு நாள் "பட்டர் போர்டு"ன்னு எழுதியிருக்கு, இன்னொரு நாள் "பார்ட்டு போடோ"ன்னு. அப்பத்தாவை மாத்தச் சொல்லாம, அந்தத் தப்பையே புடிச்சுக்கிட்டோம். செயலியில, இந்த வாக்கியத்தைக் கேட்டா இந்த வேலையைச் செய்னு நாமளே எழுதி வைக்கலாம். அதுல "பட்டர் போர்டு", "பார்ட்டு போடோ" ரெண்டையும் இங்கிலீஷ் எழுத்துல அப்படியே அடிச்சு, ரெண்டுக்கும் பழைய பாட்டு ஓடுற மாதிரி வச்சாச்சு. புதுசா ஒரு தப்பு வந்தா அதையும் சேத்துக்கிட்டே வர்றேன். நீங்க வாங்குனா ஐயாவை ஒரு வாரம் இஷ்டத்துக்குப் பேச விடுங்க, நீங்க வரலாற்றுப் பக்கத்தை மட்டும் பாத்துக்கிட்டு இருங்க.

போன் போடுறதுக்கு வேற வழி. என் பேரு இனிஷியலோட நீளமாப் பதிஞ்சிருந்துச்சு. அதை அழிச்சுட்டு, அப்பத்தா என்னைக் கூப்பிடுற மாதிரி "ராசா"ன்னு மாத்துனேன். "கால் ராசா"ன்னா போதும். "கால்"ங்கிற ஒண்ணு மட்டும்தான் அப்பத்தா புதுசாக் கத்துக்கிட்டது.


தொண்டி_அண்ணன்
ஜூலை 13, காலை 10.05

நல்லது தம்பி. வரலாற்றுப் பக்கம் இவ்வளவு உதவியிருக்கிறது, மறுக்கவில்லை. அதே பக்கம் வீட்டுப் பேச்சு எங்கோ ஒரு சர்வரில் சேர்ந்துகொண்டே போகிறது என்பதையும் காட்டுகிறது. தானாக அழிகிறபடி காலக்கெடு வைக்கிற வசதி இருக்கும், வேலை முடிந்ததும் அதைப் போட்டுவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும்போது வந்து போகிறவர்கள் பேச்சும் அதில் விழும்.


தெற்குவாடி_பாம்பன்
ஜூலை 13, இரவு 8.15

போட்டுட்டேன் அண்ணே, மூணு மாசம் வச்சிருக்கேன்.


மண்டபம்_வயர்மேன்
ஆகஸ்ட் 3, காலை 6.40

தம்பி, ஆடிக் காத்து எப்படிப் போகுது? உப்பு திரும்பப் புடிச்சிருக்கா?


தெற்குவாடி_பாம்பன்
ஆகஸ்ட் 3, இரவு 9.00

புடிக்குது அண்ணே, ஆனா வெள்ளிக்கெழம தோறும் வீடு துடைக்கிறப்ப அதையும் சேத்துத் துடைச்சுர்றேன். பிரஷ்ஷை ஸ்டூல் கால்லயே கட்டித் தொங்க விட்டிருக்கு. தெக்கு ஜன்னலோட கீழ்க்கதவை மத்தியானத்துல சாத்திர்றோம். கோயில்ல ரேடியோ செட் போட்ட அன்னிக்கு மட்டும் கேக்கல, அதுக்கு என்ன செய்ய முடியும்.

நேத்து 11 மணிக்கு ஆபீஸ்ல இருக்கேன், ஸ்பீக்கர்லேருந்து கால் வருது. பதறிப் போயி எடுத்தேன். "ராசா, வாசல்ல மீன்காரம்மா நிக்கிது. நகரையும் இருக்காம், சூடையும் இருக்காம். எது வாங்க?"ன்னு கேக்குது. சூடை வாங்கச் சொன்னேன்.


தேவிபட்டினம்_வடகடல்
ஆகஸ்ட் 3, இரவு 9.25

ஐயாவுக்கு வாங்கியாச்சு, நாளைக்கு வருது. எங்களுக்கு ஐப்பசியில வாடை திரும்புனா இந்தப் பக்கம் உப்பு ஏறும். வடக்கு ஜன்னல்கிட்ட வைக்கக் கூடாதுன்னு இப்பவே எழுதி வச்சுக்கிட்டேன். வயர்மேன் அண்ணே, பிரஷ் எத்தனை இஞ்சு வாங்கணும்?


மண்டபம்_வயர்மேன்
ஆகஸ்ட் 4, காலை 6.05

அரை இஞ்சு போதும்மா. முடி மெல்லிசா இருக்கணும், அதுதான் முக்கியம். வாங்குனதும் உள்ளங்கையில தேச்சுப் பாரு, குத்துச்சுன்னா வேற எடு.